சூசையண்ணையின் பிளேனில் கணேசண்ணையின் நேரம்

எங்கள் மூத்தோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, வேலை செய்து ஓய்ந்தவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தரவேண்டும் என்று செயலாளர் சொன்னார். மேடையில் பேசச் சொல்லியிருந்தால் காய்ச்சல் என்று படுத்திருப்பேன். எழுதுவது என்றபடியால் சம்மதித்தேன். எழுதும்போது ஒருவரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்துப் பிழை இருந்தால் மலர்க்குழு திருத்தட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம். நம்பக் கஷ்டமாக இருந்தாலும் அப்படியே விடவும்.

ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறைக்குள் மூன்று குடும்பமாக இருந்தோம். பிறகு ரெக்ஸ்டேலுக்கு மாறினோம். நான் பிறம்ரன் பண்டகசாலைகளில் பெட்டி ஒட்டினேன், பிறகு துப்புரவுக் கொம்பனி ஒன்றில் சேர்ந்தேன். அந்தக் கொம்பனியின் வான் வண்டி என்னைக் கடைசியாகக் கொண்டுபோய் இறக்கிய இடம், பிறம்ரனுக்கும் அப்பால் சோளக் காணிகளுக்கு நடுவில் இருந்த ஒரு விமானச் சங்கம். பெரிய விமான நிலையம் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, ஒரு கோப்பி மெசின். ஆசைக்கு விமானம் ஓட்டுகிறவர்களும் ஓட்டப் பழகுகிறவர்களும் அங்கே வருவார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

சங்கத்தை நடத்தியவர் டொறத்தி. உயரமான, மெலிந்த வெள்ளைக்கார மனுஷி. தலைமயிர் பஞ்சு மாதிரி. கோட்டுப் பொக்கெற்றில் எப்போதும் ஒரு அவித்த முட்டை இருக்கும். யாராவது பிரச்சினை சொல்லிக்கொண்டு வந்தால் முட்டையை எடுத்து மேசை விளிம்பில் தட்டி, மெல்ல உரித்து, உப்புத் தூவிச் சாப்பிடுவார். கடைசித் துண்டு தொண்டையால் இறங்கும்வரை பதில் சொல்லமாட்டார். அதற்குள் வந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் பிரச்சினையைத் தாங்களே தீர்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான்.

பதிவு மேசையில் வேலை செய்த பெண் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டாள். டொறத்தி நிலம் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் மணிக்கூடு பார்க்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பேனையைத் தந்தார். என்னுடைய பயிற்சி அவ்வளவுதான்.

வேலை, விமானங்கள் போகிற வருகிற நேரத்தைத் தாளில் பதிவது. அதில் இரண்டு நேரம் உண்டு. பறப்பதற்கென்று விமானம் அசையத் தொடங்கியதில் இருந்து, திரும்பி வந்து அசையாமல் நிற்கும்வரை உள்ள நேரம் ஓட்டுகிறவரின் பதிவுக் கொப்பிக்கு. சில்லு நிலத்தை விட்டதில் இருந்து திரும்ப நிலத்தில் முட்டும்வரை உள்ள நேரம் விமானத்தின் கொப்பிக்கு. ஆகவே ஒரே பயணத்தில் மனிசர் விமானத்தைவிடக் கூடுதலாகப் பறந்திருப்பார். இது எப்படி நியாயம் என்று கேட்டேன். டொறத்தி முட்டை ஒன்றை முழுதாகச் சாப்பிட்டு முடித்து, நியாயம் பார்த்து எழுதுகிற இடம் இதுவல்ல, கண்டதை எழுதுகிற இடம் என்றார்.

அந்த வேலையில் எனக்கு ஒரேயொரு கஷ்டம் இருந்தது. புறப்படுகிற ஒவ்வொருவரிடமும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டு எழுதவேண்டும். வெளிக்கிடுகிற ஒருவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்பது நமக்கெல்லாம் பால்குடியில் இருந்து பழக்கம். சாமான் வாங்கப் போகிறவரிடமே கேட்கமாட்டோம், ஆகாயத்துக்குப் போகிறவரிடம் எப்படிக் கேட்பது? ஆனால் சட்டம் சட்டம்தான். எனவே கேட்டேன். கேட்டுவிட்டு, அதற்குப் பரிகாரமாக ஒவ்வொருவரையும் கதிரையில் இருத்தி ஒரு குவளை தண்ணீர் கொடுத்து, குடித்த பிறகே போக விட்டேன். அவர்கள் இது ஏதோ புதுச் சட்டம் என்று நினைத்து மறுபேச்சில்லாமல் குடித்தார்கள்.

இரண்டு கிழமைக்குள், பறக்கப் போனவர்கள் எல்லாரும் பாதியில் திரும்பத் தொடங்கினார்கள். இறங்கியதும் விமானத்தைக் கட்டாமல்கூடக் கழிவறைக்கு ஓடினார்கள். டொறத்தி முதலில் கோப்பி மெசினைச் சந்தேகப்பட்டுக் கழற்றிப் பார்த்தார். பிறகு ஒரு நாள் என் பக்கத்தில் கதிரை போட்டுப் பேசாமல் இருந்து பார்த்தார். எல்லாவற்றையும் கண்டுகொண்டபின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் சுவரில் ஒரு பலகை தொங்கியது. போகிறவர்கள் போகிற இடத்தைத் தாங்களே அதில் எழுதவேண்டும், மேசையில் இருப்பவர் அதைப் பார்த்து எழுதினால் போதும். என் பிரச்சினை அத்தோடு முடிந்தது. கேள்வியைக் கேட்டுவிட்டு ஏன் தண்ணீர் கொடுத்தேன் என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. அதற்காகவே அவரிடம் எனக்கு மரியாதை கூடியது.

இனித்தான் சொல்ல வந்த விஷயம்.

அந்தச் சங்கத்தில் நம்மவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் என்னைவிட இளையவர்கள். எல்லாரும் அண்ணை என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். கணேசண்ணை ரெக்ஸ்டேலில் இருந்து விமான நிலைய லிமோக் கார் ஓட்டுகிறவர். சப்பாத்து எப்போதும் மினுங்கும். சூசையண்ணை பிறம்ரனில் லொறிகள் வைத்து ஓட்டுவித்தவர், மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிற வேதக்காரர். ஊரில் இருவரும் ஒரே பஸ்ஸில் வேலை செய்தவர்கள். கணேசண்ணை ட்ரைவர், சூசையண்ணை கொண்டக்டர். இங்கே வந்து இருவரும் விமானம் ஓட்டும் லைசென்ஸ் எடுத்தார்கள். கணேசண்ணை எழுத்துச் சோதனையை எத்தனை தரம் எழுதி எடுத்தார் என்று சூசையண்ணை ஊர் முழுக்கச் சொல்லுவார். கணேசண்ணை சொல்லமாட்டார்.

கையில் பணம் சேர்ந்ததும் சூசையண்ணை ஒரு பழைய விமானம் வாங்கினார். நம்மில் பலர் பிறக்குமுன் செய்தது. மஞ்சள் நிறம், உடம்பு முழுக்கத் துணி. தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் வரும். பற்றரி இல்லை. ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் முன்னால் நின்று காற்றாடியைக் கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பவேண்டும். முன்னுக்கு ஒரு இருக்கை, பின்னுக்கு ஒரு இருக்கை. ஓட்டுகிறவர் இருப்பது பின்னுக்கு. முன்னால் என்ன வருகிறது என்று அவருக்கு அரைவாசி தெரியாது. பின் சீற்றில் ட்ரைவரை வைத்து பஸ் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சூசையண்ணைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தான் உள்ளே இல்லாமல் அந்த விமானம் நிலத்தை விடக்கூடாது. கணேசண்ணையை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமைகளில் பறப்பார். மேலே போனதும் முன் இருக்கையில் உள்ள பிடியால் ஓட்டுவது பெரும்பாலும் கணேசண்ணைதான். இறங்கி வந்ததும் காப்டன் என்ற கட்டத்தில் சூசையண்ணை தன் பெயரைச் சொல்லுவார், நான் எழுதுவேன். கணேசண்ணையும் பக்கத்தில் நின்று தலையாட்டுவார்.

சட்டத்தில் ஒரு விஷயம் இருந்தது. லைசென்ஸ் வைத்திருப்பவர் ஐந்து வருடத்துக்குள் ஒரு தரமாவது தானே காப்டனாகப் பறந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் திரும்பப் பரிசோதகரோடு பறந்து, திரும்பச் சோதனையும் எழுதவேண்டும். சூசையண்ணையோடு பறந்ததெல்லாம் தன் கணக்கிலும் ஏறும் என்று கணேசண்ணை இவ்வளவு காலமும் நம்பியிருந்தார். கொப்பிகளைச் சரிபார்த்தபோதுதான் டொறத்தி கண்டுபிடித்தார், அவருடைய ஐந்து வருடம் அந்தக் கிழமையின் சனியோடு முடிகிறது. சங்கத்து இரண்டு விமானங்களில் ஒன்று பழுது. மற்றதில் அன்று முழுக்க மாணவர்களுக்குச் சோதனை. மிச்சம் இருந்தது சூசையண்ணையின் மஞ்சள் விமானம் ஒன்றுதான்.

அதைவிடப் பெரிய முடிச்சு ஒன்றும் இருந்தது. ஆறு மாதத்துக்குள் ஐந்து தரம் தானாக ஏறி இறங்காத ஒருவர், இன்னொரு ஆளை ஏற்றிக்கொண்டு காப்டனாகப் பறக்க முடியாது. ஆகவே கணேசண்ணை தனியாகத்தான் போகவேண்டும். சூசையண்ணை இல்லாமல் விமானம் போகாது. சூசையண்ணை ஏறினால் நேரம் கணேசண்ணைக்கு இல்லை.

சனிக்கிழமை காலையில் இருந்து இருவரும் டொறத்தியின் மேசைக்கு முன்னால் நின்றார்கள். சூசையண்ணை தான் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறேன் என்றார். கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன் என்றார். பிறகு, ஆளை ஏற்றக்கூடாது என்றால் சாமானை ஏற்றலாம்தானே, என்னை நிறுத்துச் சாமான் என்று எழுதுங்கள் என்று சொல்லி, பொதி நிறுக்கும் தராசில் ஏறியும் நின்றுவிட்டார். டொறத்தி முட்டையை விழுங்கி முடித்தார். சாமான்கள் ஓட்டுகிறவருக்குப் புத்தி சொல்வதில்லை, ஆகவே நீங்கள் சாமான் அல்ல என்றார்.

மதியம் தாண்டியும் சூசையண்ணை ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதலில் எஞ்சின் சூடாகட்டும், பிறகு சொல்கிறேன் என்றார். கணேசண்ணை அதையே பெரிய சம்மதமாக எடுத்துக்கொண்டு பின் இருக்கையில் போய் ஏறினார். அந்த இருக்கையில் அவர் இருந்தது அன்றுதான் முதல் தரம்.

ஏறுமுன் ஒரு பையைக் கொண்டுவந்தார். வீட்டில் அவருடைய மனுசி கொடுத்துவிட்டது. ஒரு தேங்காய், ஒரு பெட்டி கற்பூரம், இரண்டு தேசிக்காய், எலுமிச்சங்காய்தான். டொறத்தி மூன்றையும் மேசையில் வைத்துப் பரிசோதித்தார். பெற்றோல் நிற்கிற இடத்தில் கற்பூரம் கொளுத்த முடியாது. ஓடுபாதையில் தேங்காய் உடைத்தால் சிரட்டைத் துண்டு காற்றாடியில் அடிபடும். தேசிக்காயை மட்டும் மோந்து பார்த்துவிட்டு, பழங்களைப் பற்றி எந்தச் சட்டமும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். சூசையண்ணை அந்த விமானத்துக்கு சுவாமியாரைக் கொண்டு தீர்த்தம் தெளிப்பித்தவர். இருந்தாலும் தேசிக்காய்க்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. அவருடைய லொறி எதுவும் தேசிக்காய் நசிக்காமல் ரோட்டில் இறங்கியதில்லை.

இங்கேதான் பிழை நடந்தது. விமானம் உருளாமல் இருக்கச் சில்லுக்கு முன்னால் மரக்கட்டை கொடுத்திருப்பார்கள். கட்டை இருந்தால் சில்லு தேசிக்காயில் ஏறாது. சூசையண்ணை குனிந்து இரண்டு பக்கமும் கட்டையை இழுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தேசிக்காயை வைத்தார். வைத்துவிட்டுக் காற்றாடியைச் சுழற்றினார். எஞ்சின் பிடித்தது. விமானம் இரண்டு தேசிக்காயையும் வடிவாக நசித்தது. நசித்துவிட்டு நிற்காமல் தன் பாட்டுக்குப் போகத் தொடங்கியது.

காற்றாடிக்கு விலகிப் பாய்ந்த சூசையண்ணை, செட்டைக்கு, அதாவது இறக்கைக்கு, முண்டு கொடுத்திருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். சேர்ட் ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கமாக ஓடினார். கணேசண்ணை பிறேக்கைத் தேடினார். அது குதிக்காலுக்குக் கீழே இருக்கும், பின் இருக்கையில் அது எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. நான் பதிவுத் தாளோடு புல்லில் நின்றேன். இருவரும் என்னைக் கடந்து போனபோது பேசிக்கொண்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நிப்பாட்டு."

"எஞ்சினை நிப்பாட்டினா நீ திரும்பச் சுத்துவியோ?"

"சுத்தமாட்டன்."

"அப்ப நான் எப்பிடியடா நிப்பாட்டுறது?"

பிறகு இருவரும் கடந்து போய்விட்டார்கள். டொறத்தி கையில் பாதி முட்டையோடு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். நேரத்தை எழுதட்டுமா என்று கேட்டேன். பொறு, அது இன்னும் விமானமா ஓடிப்போன மாடா என்று தெரியவில்லை என்றார்.

ஓடுபாதை தொடங்குகிற வளைவில் கணேசண்ணைக்குப் பிறேக் அகப்பட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, விமானம் நின்றது. சூசையண்ணை முழங்காலில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்கினார். கணேசண்ணை திறந்திருந்த கதவால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து சூசையண்ணை நிமிர்ந்து கையை ஓங்கி விமானத்தின் துணி உடம்பில் அடித்தார். விமானம் புறப்பட்டது. ஓடுபாதையில் ஏறி, ஓடி, வால் தூக்கி, நிலத்தை விட்டது.

ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினார். ஒரு தரம் இறங்கினார் என்பது பொய், மூன்று தரம் துள்ளித்தான் இறங்கினார். ஆனால் ஒன்றும் முறியவில்லை.

அதற்குள் சூசையண்ணை நடந்து அலுவலகத்துக்கு வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. தான் சம்மதிக்கவில்லை என்று டொறத்தியிடம் சொன்னார். நிற்கச் சொல்லித்தான் அடித்தாராம், அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். டொறத்தி கண்ணாடியைக் கழற்றினார். சொந்தக்காரர் விட்டிருந்தால் அது பறப்பு, விடாவிட்டால் அது களவு, களவை நான் கொப்பியில் ஏற்றமுடியாது என்றார்.

கணேசண்ணை தன் கொப்பியைக் கையில் விரித்தபடி உள்ளே வந்தார். விஷயம் தெரிந்ததும் அதை மூடினார்.

"பிளேன் அவன்ரை. அவன் இல்லை எண்டா இல்லைத்தான்" என்றார். சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். இருட்ட இன்னும் நேரம் இருந்தது, ஆனால் போவதற்கு விமானம் இல்லை.

டொறத்தி என் பக்கம் திரும்பினார். நீ பார்த்துக்கொண்டு நின்றாய், என்ன கண்டாய் என்று கேட்டார். மூன்று பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்ப்பது எனக்கு ஒத்துவராத காரியம். மேசையைப் பார்த்துக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தில், அடித்தார், இரண்டு தரம் என்றேன்.

டொறத்திக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடி அடிதானே என்கிற மாதிரி இருந்தார். எங்கள் நாட்டு பஸ்ஸில் கொண்டக்டர் ஒரு தரம் தட்டினால் நில், இரண்டு தரம் தட்டினால் போ என்று விளங்கப்படுத்தினேன். அன்றுவரை அவரோடு அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

சூசையண்ணை என்னிடம் வந்து குனிந்தார்.

"அக்கா, வடிவாப் பாத்தனீங்களோ? ஒண்டெல்லோ அடிச்சனான்?"

"ரெண்டு, தம்பி."

"ஒண்டு அடிச்சிருந்தா நான் நிண்டிருப்பன்" என்றார் கணேசண்ணை. "உன்ரை அடிக்கு மாறா நான் எப்பவடா எடுத்தனான்?"

சூசையண்ணை தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு, கை பழக்கத்தில் தன் பாட்டுக்கு அடித்துவிட்டது, அதற்குத் தான் பொறுப்பில்லை என்றார். டொறத்தி அந்தக் கை யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றார். விமானம் யாருடையது என்று கேட்டார். அதுவும் என்னுடையதுதான் என்றார். டொறத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அப்படியானால் எழுது என்று என்னிடம் சொன்னார். தேசிக்காயில் இருந்து வளைவுவரை ஓடியது கணக்கில் இல்லை, அது பறப்பதற்கென்று அசைந்ததல்ல. இரண்டாவது அடியில் இருந்துதான் நேரம் தொடங்குகிறது. பத்தில் இரண்டு மணித்தியாலம், அதாவது பன்னிரண்டு நிமிடம். காப்டன், கணேசலிங்கம்.

இத்தோடு முடிந்ததென்று நினைத்துப் பேனையை மூடினேன். சூசையண்ணை மேசையை விட்டு நகரவில்லை. இன்னும் எத்தனை தரம் ஏறி இறங்கினால் இவன் ஆள் ஏற்றலாம் என்று கேட்டார். நாலு என்றேன். சரி வா என்று கணேசண்ணையின் சேர்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். தன் விமானத்தில் தான் ஏறுவதற்காக, அந்த மனிசன் புல்லில் நின்று, நாலு சுற்றும் முடியும்வரை காவல் காத்தார். இறங்கிய ஒவ்வொரு தரமும் ஏதோ பிழை சொன்னார். நாலாவதில் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, சப்பாத்து மினுக்கம் கூடிப்போச்சு என்றார்.

ஐந்தும் நிறைந்தபோது சூரியன் சோளத்துக்கு மேலே நின்றது. சூசையண்ணை முன் இருக்கையில் ஏறினார். எதையும் தொட்டுவிடாமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டார். நான் மரக்கட்டைகள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தேன். டொறத்தியே காற்றாடியைச் சுழற்றினார்.

திரும்பி வந்து நின்றதும் சூசையண்ணை இறங்கி நேரே வேலிக்குப் போனார். வேலியைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் இருந்ததை எல்லாம் சத்தி எடுத்தார். சொந்த விமானத்தின் முன் இருக்கையில் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. கணேசண்ணை கொஞ்சம் தள்ளி நின்றார், கிட்டப் போகவில்லை.

"உன்ரை ஓட்டம் அண்டைக்கும் உப்பிடித்தான்" என்றார் சூசையண்ணை, வாயைத் துடைத்தபடி. "பஸ்ஸுக்குள்ளை வாளி வைச்சுக்கொண்டெல்லோ ரிக்கற் வெட்டினனான்."

கணேசண்ணை, வருகிற சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார்.

"என்னட்டை ஏன் கேக்கிறாய்? ஓட்டுறது நீ."

கணேசண்ணை உள்ளே வந்து என்னிடம் பேனையை வாங்கி, கட்டத்துக்குள் கையெழுத்து வைத்தார். அது அடங்காமல் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டமான ஞாயிற்றுக்கிழமைக்குள்ளும் போய்விட்டது. நான் ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கீழே இருந்து தொடங்கினேன்.